32-ம் 46-ம்: விஷச்சாராயத்தை எடைபோடும் கருவி

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று ஒருவர் பின் ஒருவராக அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதாமல் சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. முடிவில் 65 பேருக்கு மேல் இறந்தார்கள். கோமுகி ஆற்றங்கரையில் சிதைகளை வரிசையாக அடுக்கி எரித்த படங்களைத் தமிழ்நாடே பார்த்தது.

முதல் சில மணி நேரம், சாராயம்தான் காரணம் என்பது இன்னும் உறுதியாகவில்லை என்றே அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. பிறகு, பிடிபட்ட சுமார் 200 லிட்டர் சாராயத்தைத் தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பியதில் மெத்தனால் கலந்திருப்பது தெரிந்தது என்று அரசே அறிவித்தது. முதலில் இறந்தவரின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த ஒரு விவரம் என்னை இன்னும் விடவில்லை. குடித்தது என்ன என்று உறுதியாகத் தெரிய ஆகும் நேரத்துக்கும் சாவு எண்ணிக்கைக்கும் நேரடி உறவு இருக்கிறது. அந்த நேரத்தைக் குறைக்கும் கருவிகளில் முதன்மையானது நிறை நிறமாலைமானி. ஆய்வகத்தில் அதை மாஸ் ஸ்பெக் என்பார்கள். கடந்த 40 ஆண்டுகளில் உயிரியலையும் மருத்துவத்தையும் இந்த அளவுக்கு மாற்றிய கருவிகள் மிகக் குறைவு. அதைக் கள்ளக்குறிச்சியை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

எத்தனால், மெத்தனால் இரண்டும் நிறமில்லாத திரவங்கள். இரண்டும் எரியும், இரண்டும் தண்ணீரில் கலக்கும், இரண்டின் வாடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மூலக்கூறின் எடை பொய் சொல்லாது. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால் கார்பன் 12, ஆக்சிஜன் 16. மெத்தனாலில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், கூட்டினால் 32. எத்தனாலில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்; கூட்டினால் 46. இந்த 14 எடைதான் போதைக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு.

ஒரு மூலக்கூறைத் தராசில் வைக்க முடியாது. அதனால் அதை முதலில் ஆவியாக்கி, ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கியோ ஒரு புரோட்டானைச் சேர்த்தோ மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். மின்னூட்டம் ஏறிவிட்டால் மின்புலமும் காந்தப்புலமும் அதைத் தள்ளலாம், வளைக்கலாம். களத்தில் நெல் தூற்றும்போது பதர் தள்ளிப் போய் விழும், மணி காலடியிலேயே விழும். அதே மாதிரி இங்கேயும் லேசானதும் கனமானதும் தனித்தனி வழியில் பிரிகின்றன. காற்று மூலக்கூறுகள் குறுக்கே வந்து இடிக்காமலிருக்க உள்ளே வெற்றிடம் வேண்டும். அதனால்தான் இந்தக் கருவி இருக்கும் அறையில் பம்ப்பின் இரைச்சல் இரவும் பகலும் ஓயாது. கடைசியில் ஓர் உணர்வி, எந்த எடையில் எத்தனை துகள் வந்தது என்று எண்ணி, கணினித் திரையில் குச்சி குச்சியாக ஒரு படம் போடும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்தவர்கள் கையில் இது தொடங்கியது. 1913 வாக்கில் ஜே. ஜே. தாம்சன், நியான் வாயுவில் 20 எடையுள்ள அணுவோடு 22 எடையுள்ளதும் இருப்பதைக் கண்டார். அவருடைய உதவியாளராக இருந்த பிரான்சிஸ் ஆஸ்டன் கருவியைச் செம்மைப்படுத்தி 1922-இல் வேதியியல் நோபல் பெற்றார். பிறகு பல ஆண்டுகள் இது இயற்பியலாளர்களுக்கும் பெட்ரோலிய நிறுவனங்களுக்கும் உரிய கருவியாகவே இருந்தது.

சாராய வழக்கில் இது எப்படி வேலை செய்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். இறந்தவரின் ரத்தமோ பாக்கெட்டில் மிஞ்சிய சாராயமோ கொஞ்சம் எடுத்து, விரல் நீளக் கண்ணாடிக் குப்பியில் விடுவார்கள். அளவைச் சரிபார்க்க, தெரிந்த அளவு புரோப்பனாலையும் சேர்ப்பார்கள். ரப்பர் அடைப்போடு அலுமினிய மூடியை இறுக்கி, 60 டிகிரி அளவில் சிறிது நேரம் சூடாக்குவார்கள். ரத்தம் அடியில் இருக்கும். ஆவியாகக் கூடியவை மேலே இருக்கும் காலி இடத்தில் நிறையும். அந்த ஆவியை மட்டும் ஊசியால் இழுத்து, சுருட்டி வைத்த மிக நீளமான, மெல்லிய குழாய்க்குள் செலுத்துவார்கள். குழாயின் உட்சுவரில் பூசிய பொருளோடு ஒட்டி ஒட்டிப் போவதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனைக்கு வரும். மெத்தனால் முந்தி வரும், எத்தனால் பிந்தி வரும். இது வாயு குரோமட்டோகிராபி. பல ஆய்வகங்களில் குழாயின் முனையில் ஒரு சிறு சுடர் இருக்கும். அதில் எரிவதை வைத்து அளவு சொல்வார்கள். சுடருக்குப் பதில் மாஸ் ஸ்பெக்கை வைத்தால், வந்தது எந்த மூலக்கூறு என்பதற்கு அதன் அடையாளமே சாட்சியாகக் கிடைக்கும்.

அந்த அடையாளம் வெறும் 32 என்ற எண் மட்டும் இல்லை. எலெக்ட்ரான் கற்றை மோதும்போது மூலக்கூறுகள் உடையும். மெத்தனால் உடைந்தால் 31-இல் மிகப் பெரிய குச்சி, பக்கத்தில் 32, அப்புறம் 29, 15. எத்தனாலுக்கும் பெரிய குச்சி 31-தான். ஆனால் அதற்குத் துணையாக 45-ம் 46-ம் நிற்கும். ஆக 31-ஐ மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். குழாயிலிருந்து எப்போது வந்தது, எப்படி உடைந்தது என்ற இரண்டும் பொருந்தினால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். கொலை வழக்கில் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதத் தயங்குவதைப் போன்ற இந்தக் கட்டுப்பாடுதான் தடய அறிவியலை நம்பத் தகுந்ததாக ஆக்குகிறது.

இனி உடலுக்குள் போவோம். இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. மெத்தனால் அப்படியே கொல்வதில்லை. ஈரலில் உள்ள ஒரு நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. எறும்பு கடித்தால் எரியச் செய்வதும் ஃபார்மிக் அமிலம்தான். அது செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. மூச்சு வாங்கியும் செல் மூச்சுத் திணறுகிறது. ரத்தம் அமிலமாகிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று. பனி விழுந்தாற்போல் எல்லாம் வெளிறித் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வது அதனால்தான். 10 மில்லி லிட்டர் அளவு மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி லிட்டர் உயிரையே எடுக்கக்கூடும்.

இந்த மாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். குடித்து 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாமலிருக்கலாம். கூடவே எத்தனாலும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். காரணம், ஈரலின் அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல்தான் பிடிப்பு அதிகம். எத்தனால் இருக்கும்வரை மெத்தனாலைத் தொடாது. மருத்துவர்கள் இதையே ஆயுதமாக்கிக்கொள்கிறார்கள்: நொதியை அடைக்க ஃபோமெபிசோல் என்ற மருந்தைக் கொடுப்பார்கள், அது கிடைக்காத இடத்தில் அளந்து எத்தனாலே கொடுப்பார்கள். ஏற்கெனவே உருவான அமிலத்தையும் மிச்ச மெத்தனாலையும் வெளியேற்ற டயாலிசிஸ் செய்வார்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஃபார்மிக் அமிலத்தில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். கூட்டிப் பாருங்கள்: 12, 2, 32; மொத்தம் 46. எத்தனாலும் 46. கொல்லும் அமிலமும் காப்பாற்றும் சாராயமும் முழு எண்ணில் ஒரே எடை. ஆனால் அணுக்களின் உண்மையான எடை முழு எண் கிடையாது. தசமத்தில் பார்த்தால் எத்தனால் 46.042, ஃபார்மிக் அமிலம் 46.005. பழைய கருவிகள் பல இந்த 0.037-ஐப் பார்க்காது. இன்றைய உயர் பிரிதிறன் கருவிகளுக்கு இது சாதாரணம்; இதைவிட நூறு மடங்கு நுட்பமான வேறுபாட்டையும் பிரிக்கும். அலெக்சாண்டர் மக்கரோவ் உருவாக்கி 2005-இல் சந்தைக்கு வந்த ஆர்பிட்ராப் என்ற கருவி இந்த நுட்பத்தைப் பல சாதாரண ஆய்வகங்களுக்கும் கொண்டுவந்தது. எடையைத் தசமத்தில் சரியாக அளந்தால், அந்த எடைக்குள் எத்தனை கார்பன், எத்தனை ஆக்சிஜன் என்று மூலக்கூறின் உள்விவரத்தையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

இனி கருவியை விட்டு, சாராயம் காய்ச்சும் இடமாகப் பேசப்படும் மலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலை, சாராயத்தோடு சேர்த்தே செய்திகளில் அடிபடுகிறது. ஓடையோரம் பேரல்களில் ஊறல் போட்டிருந்தார்கள், போலீசார் கவிழ்த்து அழித்தார்கள் என்ற செய்தி பல காலமாக வருகிறது. அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள்மேல் இதனால் ஒரு பழிச்சொல்லும் படிந்திருக்கிறது. வேதியியல் இதில் சொல்வது தெளிவானது. வெல்லத்தை ஊறப்போட்டால் வருவது பெரும்பாலும் எத்தனால். அதில் மெத்தனால் மிகமிகக் குறைவு. 65 பேரைக் கொல்லும் மெத்தனால் ஊறல் பானையில் பிறக்காது. அது பெயின்ட், கரைப்பான், பிளாஸ்டிக் தொழில்களுக்காக ஆலையில் செய்யப்படும் பொருள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20 பேருக்கு மேல் இறந்தபோதும் தொழிற்சாலை மெத்தனால்தான் வெளிப்பட்டது. கள்ளச்சாராயத்தை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் பூட்டுப் போட வேண்டும் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது: மெத்தனால் டிரம் ஆலையிலிருந்து எங்கே போகிறது என்ற கணக்கில்.

அதே மலையில் கடுக்காயும் விளைகிறது. மலைமக்கள் பொறுக்கிக் காயவைத்துக் கொண்டுவந்து விற்கும் காய் அது. நாட்டு மருந்துக் கடை எதிலும் அது இல்லாமல் இருக்காது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமானவற்றில் செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் என்ற இரண்டு பெரிய மூலக்கூறுகள் உண்டு. ஒன்றின் எடை 954, மற்றதன் எடை 956. இரண்டே இரண்டு ஹைட்ரஜன் வித்தியாசம். மெத்தனாலை ஆவியாக்கியது மாதிரி இவற்றைச் சூடாக்கினால் ஆவியாகும் முன்பே சிதைந்துவிடும். புரதம், மரபணு, நம் உடலின் பெரிய மூலக்கூறுகள் எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். 1980-கள் வரை மாஸ் ஸ்பெக் உயிரியலுக்குள் முழுமையாக நுழையாமல் வாசலில் நின்றதற்கு இதுதான் காரணம்.

இரண்டு பேர் அந்த வாசலைத் திறந்தார்கள். அமெரிக்காவில் ஜான் ஃபென், கரைசலை ஊசிமுனையில் உயர் மின்னழுத்தத்தில் தெளித்தார். நுண்துளிகளிலிருந்து கரைப்பான் ஆவியாகிப் போக, பெரிய மூலக்கூறு உடையாமல் மின்னூட்டத்தோடு காற்றில் மிச்சமாகும். இது எலெக்ட்ரோஸ்ப்ரே. ஜப்பானில் ஷிமாட்சு நிறுவனத்தின் பொறியாளர் கோய்ச்சி தனாகா, நுண்ணிய கோபால்ட் தூளோடு தவறுதலாகக் கிளிசரின் கலந்துவிட்டார்; வீணாக்க வேண்டாம் என்று அதையே பரிசோதித்துப் பார்த்தபோது, லேசர் பட்டு ஒரு முழுப் புரதம் உடையாமல் பறந்தது. முனைவர் பட்டம் பெறாத அவருக்கும் ஃபென்னுக்கும் 2002-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்தவை வேகமாக வந்தன. லேசர் வழியில் பாக்டீரியாவின் புரதங்களைப் பறக்கவிட்டு, கிருமி எது என்று சில நிமிடங்களில் சொல்லும் கருவி இன்று பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. வளர்த்த கிருமியை அடையாளம் காண முன்பு இன்னும் ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கிருமித் தொற்று உடல் முழுவதையும் தாக்கிய செப்சிஸ் நோயாளிக்கு அந்த ஒரு நாள் உயிர். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளியைத் தாளில் காயவைத்து, ஒரே ஓட்டத்தில் பல பிறவி வளர்சிதைமாற்றக் குறைகளைத் தேடுவது 1990-களில் தொடங்கி உலகின் பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. டெக்சாஸில் லிவியா எபெர்லின் குழு 2017-இல் ஒரு பேனாவை வடிவமைத்தது. அறுவையின்போது திசுவில் ஒரு துளி தண்ணீரை வைத்து உறிஞ்சி, அது புற்றா இல்லையா என்று சில நொடிகளில் கணிக்க உதவும் முயற்சி அது. அல்சைமர் நோயின் புரதத்தை ரத்தத்திலேயே அளக்கும் சோதனை வந்திருக்கிறது. ஒரே ஒரு செல்லுக்குள் இருக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்களை எண்ணவும் இன்று முடிகிறது.

இவற்றில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது காகிதம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் காட்டிய முறை இது: முக்கோணமாக வெட்டிய காகிதத்தில் ரத்தத்துளியைக் காயவைத்து, கொஞ்சம் கரைப்பான் விட்டு, மின்னழுத்தம் கொடுத்தால் காகிதத்தின் கூர்முனையே தெளிப்பானாகிவிடும். ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டியிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு, குக்ஸோடு சேர்ந்து, காகிதத்தில் கார்பன் நானோக் குழாய்களைப் பூசி, சில வோல்ட்டிலேயே இதைச் செய்துகாட்டியது. அந்த ஆய்வு 2014-இல் வெளியானது. டார்ச் பேட்டரி தரக்கூடிய மின்னழுத்தம் அது. மெத்தனாலுக்கு இந்த வழி சரிப்படாது, காய்ந்த துளியிலிருந்து அது பறந்து போயிருக்கும். ஆனால் பூச்சிமருந்து, போதைமருந்து, உடலில் சேர்ந்த பல மருந்துப் பொருள்களுக்கு இது பொருந்தும். பூச்சிமருந்து குடித்தவர்கள் வராத நாள் நம் மாவட்ட மருத்துவமனைகளில் அபூர்வம். அவர்கள் குடித்தது எது என்று அந்த நிமிடமே தெரிந்தால் எதிர்மருந்து மாறும்.

இந்தக் கருவிகளின் விலை லட்சங்களில் தொடங்கிக் கோடிகளில் போகிறது. வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ஹீலியம் சிலிண்டர் வர வேண்டும், மின்சாரம் நிற்கக் கூடாது, ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும், இயக்கத் தெரிந்தவருக்கு நிரந்தர வேலை வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கருவி துணி போர்த்தியபடி நிற்கும். எல்லா மாவட்டத்துக்கும் ஆர்பிட்ராப் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2019-இல் தனி மாவட்டமாகி, 2022-இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்த ஓர் ஊருக்கு, இரவு இரண்டு மணிக்கும் ரத்த மாதிரி வாங்கிச் சில மணி நேரத்தில் மெத்தனால் உண்டா இல்லையா என்று சொல்லும் ஒரு வாயு குரோமட்டோகிராபிக் கருவி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் முனையில் சுடர் இருந்தாலும் சரி, மாஸ் ஸ்பெக் இருந்தாலும் சரி. சூரிச் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டிய, மதுவில் மெத்தனால் கலந்திருப்பதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி போன்றவை மதுவிலக்குப் போலீசார் கைக்கு வந்தால் இன்னும் நல்லது. சந்தேகத்தை அது எழுப்பும், மாஸ் ஸ்பெக் உறுதிசெய்யும்.

முதலில் வரும் நோயாளியை எந்தக் கருவியும் காப்பாற்றாது. ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து, சந்தேகம் வந்ததுமே சிகிச்சையைத் தொடங்கும் மருத்துவர்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும். கருவி காப்பாற்றுவது பத்தாவது ஆளை. துக்க வீட்டில் உட்கார்ந்து, இன்னும் பாக்கெட்டைப் பிரிக்காத ஆளை. "மெத்தனால்தான், யாரும் தொடாதீர்கள்" என்று தெருவில் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் துணிவு உறுதியான பதிலிலிருந்துதான் வரும். சம்பவத்துக்குப் பிறகு அதே ஜூன் மாதம் 29-ஆம் தேதி மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையை ஆயுள்வரை உயர்த்தினார்கள். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஆய்வகத்துக்கும் மாதிரிக்கும் இடையிலான தூரத்தைக் குறைப்பது பற்றி இதே அளவு பேச்சு எழவில்லை என்பதே என் வருத்தம்.

கடைசியாக, இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று. தெரிந்தவர் யாராவது சாராயம் குடித்த பிறகு பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். போலீசுக்குப் பயந்து மறைக்காமல், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் பாக்கெட்டை நன்றாகக் கட்டி, யாரும் வாய் வைக்காமல், மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.